லினக்ஸுக்கு ஒத்துவராத மலை

இருநூறு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

இப்போது ஒரு பிராணியை அறிமுகப்படுத்துகிறேன். 'ஒத்துவரல' ஆசாமி. தான் கொண்டுவந்த சரக்கு வேலை செய்யவில்லை என்று ஆயுளில் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்க மாட்டார். உங்களுடையதுதான் அதற்கு ஒத்துவரவில்லை என்பார். மாநாட்டிலும் கிடைப்பார், மளிகைக் கடையிலும் கிடைப்பார். நான் பார்த்த உருப்படி 2002 ஆடி மாதம் முள்ளுக்குறிச்சியில் பஸ் ஏறிக் கொல்லிமலைக்கு வந்தது. பெயர் தரணிதரன். அடிவாரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். சட்டைப் பையில், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடி.

மலைமேல் உள்ள திருப்புலி நாட்டில் கண்ணாயி தலைமையிலான மகளிர் குழு, ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில் விற்க இருநூறு பாட்டில் மலைத்தேன் நிரப்பி வைத்திருந்தது. அச்சடித்த லேபிள் இல்லாத பாட்டிலுக்குக் கடை போட இடமில்லை என்று விழாக் கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது. அதனாலென்ன? குழுவிடம் ஒரு பழைய கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருந்தன. இரண்டும் வேலை செய்தன. அதுதான் தரணிதரனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க அக்கா, திருட்டு விண்டோஸ் போட்டு வெச்சிருக்கீங்க. இது இலவசமுங்க. சுதந்திரமுங்க."

இலவசம் நல்லது, சுதந்திரம் அதைவிட நல்லது. எனக்கு அதில் சண்டையில்லை. பழையதைத் துப்புரவாக அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினார். திரையில் லினக்ஸின் சின்னமான பென்குயின் ஒன்று வந்து கொழுகொழுவென்று உட்கார்ந்தது. பிரிண்டர் மட்டும் அசையவில்லை.

"பிரிண்டர் ஒத்துவரலீங்க."

"நேத்து நல்லா அடிச்சுதே சாமி," என்றார் கண்ணாயி.

"விண்டோஸ் சொன்னா மட்டும் கேக்கற அடிமைப் பிரிண்டருங்க அது. ரெண்டே நாள் பொறுங்க."

கீழே இறங்கினார்; வேறொரு பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு வளைவுக்கு வளைவு அதைக் கட்டிப்பிடித்தபடி மேலே வந்தார்; வந்து மறுபடி சிடியைப் போட, திரை இருண்டு, திரைக்கான கார்டு ஒத்துவரவில்லை என்று அதைக் கழற்றி, புதுக் கார்டுக்கு மானிட்டர் ஒத்துவரவில்லை என்று அதையும் மாற்றி, மானிட்டர் வெளிச்சம் காட்டிய வேளையில் மவுஸ் செத்தது. ஒவ்வொன்றுக்கும் ரெண்டே நாள். ராசிபுரம் அச்சகத்துக்குப் போகட்டுமா என்று கண்ணாயி கேட்டதற்கு, "எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று மனம் புண்பட்டார். புண்பட்ட மனிதரிடம் யார் என்ன பேசுவது?

ஆடிப் பதினேழு. அச்சகம் விழாவுக்குப் பூட்டியாயிற்று.

"பழையபடியே பண்ணிக் குடுத்துருங்க சாமி. புண்ணியமாப் போவும்."

"பழசத்தான் அழிச்சாச்சுங்களே. இங்க கரண்டே ஒத்துவரலீங்க. காத்துல ஈரம் வேற. மலையே ஒத்துவரல."

"பிரிண்டர மாத்துனீங்க, டிவியாட்டம் இருந்தத மாத்துனீங்க, மவுஸ மாத்துனீங்க. இப்ப மலையவும் மாத்தோணுமாக்கும். நீங்க கொண்டாந்த அந்தத் தட்டு ஒண்ணுதான் மாறவே இல்ல."

தரணிதரன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"நீங்க இன்னும் பக்குவப்படலீங்க அக்கா," என்றார்.

சிரிக்கிறீர்கள். 'எனக்கும் லினக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை' என்கிறீர்கள். சரி. கூட்டத்துக்கு ஆள் வராதபோது 'ஜனங்களுக்கு விழிப்பு போதாது' என்று அறிக்கை எழுதியது யார்? மருமகள் வந்து மூன்றே மாதத்தில் 'நம்ம ஊட்டுக்கு ஒத்துவரல' என்று முடிவு கட்டியது யார்? உங்கள் சட்டைப் பையை ஒரு தடவை தடவிப் பாருங்கள். ஏதோ ஒரு சிடி தட்டுப்படும்.

ஆடிப் பதினெட்டு. தேன் பாட்டில், இருநூறு. லேபிள் ஒட்டியது, பூஜ்யம்.