நடுக்கூடத்துக் கதவு

வீடு கட்டுவதும், கட்டிய வீட்டில் குடியேறுவதும் உலக வழக்கம். என் அக்காவும் அத்தானும் இதில் முதல் பாதியைக் குறைவில்லாமல் செய்து முடித்தார்கள்.

வினை ஆர்க்கிடெக்ட் உருவத்தில் வந்தது. இப்போதெல்லாம் நல்ல வீடுகளில் யாரும் கதவு வைப்பதில்லை என்று அவர் முதல் நாளே அறிவித்துவிட்டார். "கதவுங்கறது குடும்பத்துக்குள்ள இருக்கற அவநம்பிக்கை மேடம்" என்று அக்காவிடம் வருத்தத்தோடு சொன்னார். அத்தான் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். அந்தக் குணத்துக்காகத்தான் அவருக்குப் பெண் கொடுத்தோம்.

வீடு எழும்பியது. வாசலில் ஒரு பெரிய திறப்பு. கூடத்திலிருந்து வளைந்து போனால் படுக்கையறை, இன்னும் வளைந்தால் குளியலறை. எங்கேயும் கதவு கிடையாது. அது போதாதென்று, ஆர்க்கிடெக்ட் பதித்த ஏதோ கருவியால் கால் வைத்த இடத்தில் தரை முனகும், பக்கத்துச் சுவர் நீலமாக ஒளிரும். அக்கா குளிக்கப் போனால் வீடே முனகி, ஒளிர்ந்து, தெருவுக்குச் சேதி சொல்லிவிடும்.

"எனக்கு ஒரே ஒரு கதவு வேணும். தாழ்ப்பாளோட. வேற எதுவும் கேக்கல" என்றாள் அக்கா. ஆர்க்கிடெக்ட் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

குடியேற அனுமதி தரக் கட்டட ஆய்வாளர் வந்தார். வந்தவர் தெருவிலேயே நின்றுவிட்டார். விதிப்படி அவர் வாசற்கதவு வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டுமாம். கதவைக் காணோம். எனவே இது வீடல்ல என்று தீர்மானித்து, நிழலில் நின்று தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

வீடில்லை என்றால் கலைதானே என்று ஆர்க்கிடெக்ட் கலைத்துறைக்குப் போனார். கலை அதிகாரி நேரில் வந்து தரையை மிதித்தார். அது முனகியது. அவருக்குக் கண் கலங்கியது. 'பார்வையாளர் பங்கேற்கும் நிறுவல் கலைப்படைப்பு' என்று அங்கேயே ஆணை பிறப்பித்தார். உள்ளே ஆள் குடியிருக்கலாமா என்று நான் கேட்டதற்கும் ஆணையில் வழி செய்தார்: 'படைப்பினுள் காணப்படும் தம்பதியர் அதன் பிரிக்கவியலாத அங்கமாகக் கருதப்படுவர்.' அத்தானுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவருடைய ஆபீசில்கூட அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாளே கூட்டம் வந்தது, பங்கேற்றது. ஒருவர் அடுப்பில் கொதித்ததைக் கிளறினார். இன்னொருவர் கட்டிலில் படுத்துப் பார்த்து, கொஞ்சம் சோகமாக இருப்பதாகச் சொன்னார்.

"இது என் வீடு. எல்லாரும் வெளிய போங்க" என்றாள் அக்கா.

கைதட்டினார்கள். இதே காட்சி சாயங்காலமும் உண்டா என்று ஒரு அம்மாள் என்னிடம் விசாரித்தார்.

அன்றைக்கு அக்கா ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். அந்த வீட்டில் பின்னால் நிற்க இருந்தது அது ஒன்றுதான். அங்கேயும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு கலை அதிகாரியிடம் போய்க் கதவு கேட்டேன். படைப்பில் கைவைக்க முடியாது, ஆனால் படைப்போடு ஒன்றைச் சேர்க்கலாம் என்றார். குழு கூடியது. எந்தச் சுவரையும் தொடாத வண்ணம் கதவு ஒன்று அனுமதிக்கப்பட்டது. தச்சர்கள் வந்து நடுக்கூடத்தில் நிலையை நட்டு, கதவை மாட்டி, தாழ்ப்பாளும் வைத்தார்கள். அந்தப் பக்கம் கூடம், இந்தப் பக்கமும் கூடம். பக்கத்தில் ஒரு பலகை: 'தட்டவும். திறக்கும்வரை காத்திருக்கவும்.'

அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். கோடாலி தேடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். காலை நீட்டி உட்கார்ந்து வாரப் பத்திரிகையைப் பிரித்தாள்.

பார்வையாளர்கள் வந்தார்கள், பலகையைப் படித்தார்கள், தட்டினார்கள், காத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் வண்டி போகிற அளவுக்கு வழி கிடந்தது. ஒருவரும் அசையவில்லை. பக்கவாட்டில் தலையை நீட்டிய ஒரு பெரியவரை மற்றவர்கள் நாகரிகம் தெரியாதவரென்று கடிந்துகொண்டார்கள்.

கதவு வந்த செய்தி கேட்டுக் கட்டட ஆய்வாளர் அளவு நாடாவோடு மகிழ்ச்சியாக நடுக்கூடத்துக்கே வந்தார். கதவு வரைக்கும் தெருக் கணக்குத்தானாம். தட்டினார்.

"வீட்ல யாரும் இல்ல" என்றாள் அக்கா, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

'கதவு பூட்டியிருந்தபடியால் ஆய்வு நடைபெறவில்லை' என்று அவர் எழுதிக்கொண்டார். அடுத்த தடவையாவது வீட்டில் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னார். அத்தான் தலையாட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சாயங்காலம் அக்காவிடம் எனக்கு ஒரு அவசர வேலை இருந்தது. நின்ற இடத்திலிருந்தே அவள் உச்சி முதல் பாதம் வரை தெரிந்தாள். நான் படித்தவன், வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்ததும் தட்டினேன்.

"யாரும் இல்ல."

பின்னால் நின்றவரிடம் திரும்பி, "யாரும் இல்லையாம்" என்றேன்.

"அடடா, எப்ப வருவாங்களாம்?"

நியாயமான கேள்விதான். மறுபடியும் கதவைத் தட்டி, எப்போது வருவாள் என்று அக்காவிடமே கேட்டேன்.