கணீர்க் குரலும் ஒரு கடிதமும்

பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய பெண்ணோடு ஒரே வீட்டில் குடியிருப்பது பெரிய தண்டனை. அந்தப் பெண்ணே நான்தான் என்பதால் அடித்துச் சொல்கிறேன். நான் "சோறு போடும்மா" என்று கேட்டால் அடுத்த வீட்டுக்காரர் கைகழுவிவிட்டு உட்காருவாராம். (அம்மா சொன்னது. கொஞ்சம் கூட்டியிருக்கலாம்.)

போர்ட் பிளேரில் அப்போது கல்லூரி கிடையாது. பள்ளி முடிந்தால் ஆண்பிள்ளைகளைப் படிக்க மெயின்லேண்டுக்குக் கப்பலேற்றுவார்கள். பெண்பிள்ளைகளைக் கல்யாணத்துக்குக் கப்பலேற்றுவார்கள். அப்பா அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. எனக்குப் பின்னால் மூன்று தங்கைகள். "கோமதியப் படிக்க வைக்கணும்னு ஆசைதான். கப்பல் ஆபீஸ்காரன் ஆசைய வாங்கிக்கிட்டு டிக்கெட் தர மாட்டேங்கானே" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் சாரணியர் இயக்கத்தில் ஈடுபட்டிருக்கும் மாணவிகளுக்குக் கல்லூரி உதவித்தொகை என்று அறிவிப்பு வந்தது. எல்லாத் தீவுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெண். கிடைத்தால் மதராஸில் பி.ஏ. கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம். பாளையங்கோட்டையில் ஒரு மாப்பிள்ளை ஏற்கெனவே என் போட்டோவைக் கேட்டிருந்தார்.

போட்டிக்கு ஒரு சேவை நோட்டு வைத்திருக்க வேண்டும். செய்த உதவியை எழுதி, உதவி பெற்றவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வயதானவர்களைச் சாலை கடக்க வைக்கலாம் என்று பார்த்தால், சாலையில் ஒரு நாளைக்கு நாலு ஜீப் போனாலே அதிகம். பத்துபஸ்தி என்கிற பேட்டையில் ஒரு பெங்காலித் தாத்தாவை ஒரே காலையில் நாங்கள் நாலு பேர் அடுத்தடுத்துக் கடக்க வைத்தோம். மனுஷர் புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றுகொண்டு, "ஹோ கயா?" என்று கேட்டார். முடிந்ததா என்று.

நான் வேறு வழி கண்டுபிடித்தேன். கப்பல் வந்து தபால் பை பிரிக்கிற நாளில் தபாலாபீஸ் முற்றத்தில் கூட்டம் நெரியும். ரோடு வேலைக்கு வந்த நம் ஆட்கள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சீருடையும் ஸ்கார்ஃபுமாக நின்று அவர்கள் கடிதங்களைப் படிப்பேன். படிப்பேனா? முழங்குவேன். மழை பெய்தது என்று எழுதியிருந்தால் கையால் மழை பெய்து காட்டுவேன். கூட்டம் கூடும். எனக்குத் தலைகால் புரியாது.

மெயின்லேண்டிலிருந்து தேர்வு அதிகாரி அம்மாள் வந்ததும் அப்படித் தபால் கொண்டுவந்த ஒரு கப்பலில்தான். புயலால் ஒரு மாதத்துக்கு மேல் தாமதமாகி வந்த கப்பல். அந்த அம்மாளுக்கு இந்தி மட்டும்தான் தெரியும். எங்கள் சாரணியர் டீச்சர் ரோசம்மா, கோட்டயத்துக்காரர், என் சேவையைக் காட்ட அவரை முற்றத்துக்கு அழைத்து வந்தார்.

நான் கூட்டத்தில் கண்ணை ஓட்டி முனியாண்டி அண்ணனைப் பிடித்தேன். ராமநாதபுரத்துக்காரர், ரோடு கூலி. அவர் கையில் அன்று பிரிக்காத கடிதம் ஒன்று இருந்தது.

"படி தாயி. மச்சினன் போட்டிருப்பான். செல்லாயிக்கு ஒடம்பு தேவலையான்னு பாரு."

செல்லாயி அவர் மனைவி. நான் அதிகாரி அம்மாளுக்குத் தெரிகிற மாதிரி ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டேன்.

"அன்புள்ள மச்சான் அவர்களுக்கு! நலம், நலமறிய ஆவல். இங்கு இறைவன் அருளால் யாவரும் சுகம்!"

முனியாண்டி அண்ணன் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "சொகமாம்லே" என்றார்.

செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருந்தது. கன்றுக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அதையும் என் நெற்றியில் தொட்டுக் காட்டினேன். கூட்டம் கைதட்டியது. அதிகாரி அம்மாள் நோட்டில் எதையோ குறித்தார். அடுத்த வரி "நிற்க" என்று தொடங்கியது. எல்லாக் கடிதத்திலும் வருவதுதான். நான் அங்கே நிறுத்தி, மூச்சிழுத்து, கையை உயர்த்திக்கொண்டேன்.

"நிற்க! புரட்டாசி மாதம் நாலாம் தேதி அக்காள் செல்லாயி காய்ச்சலில் காலமாகிவிட்டது! காரியமெல்லாம் குறையில்லாமல் செய்து முடித்தோம்!"

வாய் படித்துவிட்டது. மூளை பின்னால்தான் வந்தது. அது வந்து சேர்ந்தபோதும் என் கை மேலேயே இருந்தது, முகத்தில் பரிசு வாங்குகிற சிரிப்பு அப்படியே இருந்தது. யாவரும் சுகம் என்று எவன் எழுதினான்? கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவனுக்குப் பழக்கம்.

"என்னிக்குன்னு போட்டிருக்கு?" என்றார் முனியாண்டி அண்ணன்.

"புரட்டாசி நாலு."

விரல் விட்டு எண்ணினார். "அன்னிக்கு மைதானத்துல படம் போட்டான் தாயி. நான் கெடந்து சிரிச்சேன்."

அப்புறம் அவர் கண் நிறைந்து வழிந்தது. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அதிகாரி அம்மாள் கைதட்டினார். "பஹுத் அச்சா! பாருங்கள், அந்த ஆள் சந்தோஷத்தில் அழுகிறார்!" என்று இந்தியில் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். ரோசம்மா டீச்சர் என் தோளை அழுத்தி, "ஒண்ணும் பறயண்டா கோமதி" என்றார், ஒன்றும் சொல்லாதே என்று. ஊருக்கே கேட்கிற குரல்காரி, திறந்த வாயை மூடிக்கொண்டு படியிலிருந்து இறங்கினேன்.

அதிகாரி அம்மாள் என் சேவை நோட்டைக் கேட்டார். நேரம் மிச்சமாகட்டும் என்று காலையிலேயே எழுதிவைத்திருந்தேன்: 'எழுத்தறியாத ஒருவருக்குக் கடிதம் வாசித்து அவரை மகிழ்வித்தேன்.' டீச்சர் நோட்டை நீட்ட, முனியாண்டி அண்ணன் என்ன ஏது என்று கேட்காமல் கட்டைவிரலை மையில் தொட்டு அந்த வரிக்குக் கீழே பதித்தார். சீருடை போட்டவர்கள் எதை நீட்டினாலும் அவர் அப்படித்தான் செய்வார்.

உதவித்தொகை எனக்குக் கிடைத்தது.

நான் கப்பலேறும்வரை ஒவ்வொரு தபாலுக்கும் முனியாண்டி அண்ணன் என்னிடம்தான் வந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம், வேறு ஆளைத் தேடியிருக்கலாம். "தாயி படிச்சாத்தான் தெளிவா இருக்கு" என்பார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "மொதல்ல நீ மனசுக்குள்ள படிச்சிரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார்.

இன்றுவரை எந்தத் தாளையும் முழுக்க மனதுக்குள் படிக்காமல் நான் வாய் திறப்பதில்லை. கல்யாணப் பத்திரிகை, மின்சார வாரிய நோட்டீஸ், எல்லாம்தான். என் கணவர், "என்ன, கன்னுக்குட்டி வரைக்கும் வந்தாச்சா?" என்பார். எங்கள் வீட்டில் கெட்ட செய்திக்கு முன்னால் வருகிற நல்ல செய்திக்கு அதுதான் பெயர். மகள் ஒருமுறை கணக்கில் தோற்றபோது மார்க் ஷீட்டை நீட்டி, "கன்னுக்குட்டியோட நிறுத்திக்கம்மா" என்றாள். பேத்திகூடச் சொல்கிறாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர்களுக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான். சேவை நோட்டை அன்று உடனே யாரும் வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. அது இரண்டு நாள் என்னிடமே இருந்தது. 'மகிழ்வித்தேன்' என்கிற அந்த வரியை அடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். பாளையங்கோட்டை மாப்பிள்ளை ஞாபகம் வந்தது. மூடிவிட்டேன்.