டயருக்கு வைத்த சாக்கு

தெரியாத வார்த்தை காதில் விழுந்தால் ‘அப்படின்னா என்ன?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் தலையாட்டுகிற ரகம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கேட்டால் அது வெளியே தெரிந்துவிடுமே என்று பயம். (கேட்காததால் ஊருக்கே தெரிந்துபோனது வேறு விஷயம்.)

பயப்பட எனக்குக் காரணமே வேண்டாம். பால் பொங்கினாலும் பயம், பொங்காவிட்டாலும் பயம். என் வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ராத்திரி வாட்ச்மேன் வேலை. அவர் கிளம்பிப் போனதும், திருப்புலிவனம் தாண்டித் தோப்புக்குள் இருக்கிற எங்கள் வீட்டில் நான் மட்டும்தான். தென்னை மட்டை விழுந்தால்கூடத் திருடன் தடுக்கி விழுந்த சத்தமாகத்தான் எனக்குக் கேட்கும்.

அதனால்தான் என் தம்பி முருகன் அந்த யோசனையைச் சொன்னதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சென்னையில் கேரவன் வாடகைக்கு விடுகிற இடத்தில் அவனுக்கு வேலை. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்து, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற குட்டி வீடுதான் கேரவன். உத்திரமேரூர் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் தோப்பில் வண்டியை நிறுத்தித் தங்கலாம். முதலில் வருகிறவர்களுக்கு இடம் பிடித்துவிட்டால் தொடர்ந்து வண்டி அனுப்புவார்கள். இவர் ராத்திரி வேலையை விட்டுவிடலாம். நானும் தூங்கலாம்.

“அக்கா, ஹிச்சு, ஆனிங், ஹூக்-அப்புன்னு சார் இன்னான்னா கேப்பாரு. கூட நின்னு செஞ்சி குடு. புரியுதா?” என்றான் போனில்.

“எல்லாம் புரியுதுடா.”

ஆனிங் என்றால் வண்டியின் பக்கவாட்டில் இழுத்து விரிக்கிற பந்தலாம். நான் அரைக்கிலோ ஆணி வாங்கி வைத்திருந்தேன்.

சொன்னபடி வண்டி வந்தது. காரை ஓட்டி வந்த சாரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். பளிச்சென்ற வெள்ளை வண்டி. தோப்பில் சமதரை கம்மி. வண்டி நின்ற இடம், பக்கத்து நிலத்து ஏழுமலையின் நாற்றங்காலைப் பார்த்து லேசாகச் சரிந்திருக்கும். அதற்காகவும் பயந்தேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

“ஹூக்-அப் இருக்குல்லம்மா?” என்றார் சார்.

ஹூக் என்றால் கொக்கி என்று எனக்குத் தெரியும். தெருக் கம்பியில் கொக்கி போட்டுக் கரண்ட் திருடுகிறவர்களைப் பார்த்ததில்லையா?

“ஐயோ, அதெல்லாம் போடறதில்ல சார். எங்க வூட்ல மீட்டரு கீது.”

வண்டிக்குக் கரண்ட் இணைப்பு கொடுப்பதைத்தான் ஹூக்-அப் என்கிறார்களாம். சாரே ஒயரை எடுத்து எங்கள் பிளக்கில் செருகிக்கொண்டார். என் வீட்டுக்காரர் கோழி வாங்கப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும்.

கல்வெட்டு மண்டபத்தைப் பூட்டுவதற்குள் போக வேண்டும் என்று சார் காரைத் தனியாகக் கழற்றினார். மேடம் களைப்பாக இருக்கிறது என்று கேரவனுக்குள்ளேயே படுத்துவிட்டார். காரில் ஏறியபடியே சார் சொன்னார்:

“பிளாக் டேங்க் ஃபுல்லா இருக்கு. காலி பண்ண வழி பண்ணிடுங்க.”

நான் மாடியைப் பார்த்தேன். கருப்பு டேங்க். காலையில்தான் மோட்டார் போட்டு நிரப்பினேன். வந்த உடனே எப்படிக் கண்டுபிடித்தார்! பட்டணத்துக்காரர்கள், நம்ம தண்ணியில் பூச்சி இருக்கும் என்று பயப்படுகிறார்கள் போல. (பயத்தை நான் என்றைக்கும் மதிப்பேன்.)

“சரிங்க சார்.”

“இந்த வண்டியில பிரேக் அவ்வளவா பிடிக்காது. டயருக்கு மறக்காம சாக் வெச்சுடுங்க. வண்டியோட குடுத்தத வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டோம்.”

“எங்க வூட்ல சாக்குக்கா பஞ்சம்? எத்தினி சார் வோணும்?”

“வீலுக்கு ஒண்ணு போதும்.”

கார் போய்விட்டது. நெல் மூட்டை கட்டுகிற சாக்குகளில் நல்லதாக இரண்டை எடுத்து உதறி, டயர்கள்மேல் வெயில் படாமல் அழகாகப் போர்த்திவிட்டேன். பிறகு மாடியேறி டேங்கின் அடிக்குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் தடதடவென்று முற்றத்தில் கொட்டி, நேராகக் கேரவனுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மேடம் குரல் கொடுத்தார்.

“என்னம்மா, வண்டி ஆடற மாதிரி இருக்கு?”

“காத்துங்க மேடம்.”

மரத்தில் ஓர் ஓலைகூட அசையவில்லை. கேரவன்தான் அசைந்தது. சேற்றில் மெதுவாகப் பின்வாங்கி, நான் போர்த்திய சாக்குகளைத் தானே மிதித்துக்கொண்டு, வேலியோடு என் துணிக்கொடியையும் இழுத்தபடி, ஏழுமலையின் நாற்றங்காலில் போய் உட்கார்ந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது. அதில் என் நைட்டி தொங்கியது.

கதவு திறந்தது. மேடம் தூக்கக் கலக்கத்தோடு எட்டிப் பார்த்தார்.

“கெளம்பிட்டோமா?”

நான் போட்ட கூச்சலில் ஏழுமலை ஓடிவந்தார். “இன்னா அண்ணி, நாத்து பறிக்க ஏசி வண்டியிலயா வர்றது?”

கோழியோடு என் வீட்டுக்காரரும், கல்வெட்டைப் பார்த்துவிட்டுச் சாரும் முன்னே பின்னே வந்து சேர்ந்தார்கள்.

“சாக் வெக்கச் சொன்னேனேம்மா!”

“வெச்சேனே சார்! நல்ல சாக்கா பாத்து வெச்சேன்!”

சேற்றிலிருந்து ஒரு சாக்கு நுனியை இழுத்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “கட்டைய சொல்லிகிறாருடி! டயரு உருளாம அண்டை குடுக்கற கட்டை!”

கட்டை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அடுப்புக்கு வைத்திருந்த புளியங்கட்டை அத்தனையையும் கொண்டுவந்து அடுக்கியிருப்பேனே!

சேற்றுக் காலைக் கழுவ சார் குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. “நீங்கதான சார் டேங்க காலி பண்ண சொன்னீங்க?” என்றேன். பிளாக் டேங்க் என்பது கேரவனுக்குள் இருக்கிற கக்கூஸ் தொட்டியாம். அது மட்டும் கடைசிவரை நிரம்பியே இருந்தது. வண்டி சாய்ந்து கிடந்த கோலத்தில், எல்லோரும் அதன் பின்பக்கம் போகாமல் நின்றோம்.

ஏழுமலையின் டிராக்டர்தான் வண்டியை வெளியே இழுத்தது. நாசமான நாற்றுக்கு என் வீட்டுக்காரர் அவரைத் தனியே கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார். விருந்தாளிகள் எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்து, காலையில் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். சார் முகத்தில் சிரிப்பில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இனி இவருக்கு ஆயுசுக்கும் ராத்திரி வேலைதான், எனக்கு ஆயுசுக்கும் தென்னை மட்டைதான்.

மறுநாள் முருகன் போன் செய்தான். திட்டி முடிக்கட்டும் என்று போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

“வண்டிய திருப்பி வுட வந்த மேடம் இங்க எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிக்கினு கீறாங்க. எடம் ரொம்பப் புடிச்சிபோச்சாம். வண்டி அனுப்பறோம்க்கா. ஆனா ஒண்ணு, உன்ன மட்டும் நம்பி அனுப்ப மாட்டாங்களாம். மாமா முழுநேரமும் வூட்டோட இருக்கணுமாம்.”

இவர் அந்த மாதமே வேலையை விட்டார். இப்போது தோப்பில் வண்டி நிற்காத வாரம் குறைவு. கட்டை வைப்பது அவர் வேலை. சாக்குகளைப் பூட்டி வைப்பதும் அவர் வேலை. ஏன் வேலையை விட்டாய் என்று யார் கேட்டாலும் என்னைக் கைகாட்டிச் சொல்வார்:

“வேலைய வுடறதுக்கு அவனவன் சாக்கு தேடிக்கினு கீறான். எனக்கு என் பொண்டாட்டியே ரெண்டு சாக்கு எடுத்து வெச்சா.”