ஒரு நாளைக்கு மூணே ஆர்டர்

"நாளையிலேருந்து இந்த வீட்ல யாரும் இஷ்டத்துக்கு ஆர்டர் போட முடியாது" என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறிவித்தேன்.

தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த சுலைகா என் பக்கம் திரும்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் விடும் அறிவிப்புகளுக்கு அவள் கொடுக்கும் மரியாதை அவ்வளவுதான்.

நானும் என் நண்பன் பாசிலும் ஒரு போர் விளையாட்டு விளையாடுவோம். மேஜை முழுக்க மேப், அதன்மேல் அட்டைப் படைகள். பத்தாயிரம் வீரர்கள் இருந்தாலும் ஜெனரல் ஒரு சுற்றுக்கு மூன்று ஆர்டர்தான் போடலாம். நாலாவது படை எதிரி மூக்குக்கு முன்னால் நின்றாலும் நகராது. ஒரு மனுஷனால் எவ்வளவைத்தான் கவனிக்க முடியும் என்று வைத்த ரூல். பெரிய பெரிய தளபதிகளுக்கே மூன்று. ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி ஊரில், என் வீட்டில் மட்டும் அன்லிமிடெட்!

"அதனால இனி ஒரு நாளைக்கு மூணே ஆர்டர். புரியுதா?"

"ரூல் உங்களுக்கும் உண்டாங்க?"

"ரெண்டு பேருக்கும்தான். டெமாக்ரசி!"

"சரிங்க."

அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை மதியம் டல்லாஸிலிருந்து அவள் அண்ணன் குடும்பம் பிரியாணி விருந்துக்கு வருகிறது. அதே மதியம் ஹூஸ்டன் கிளப்பில் எங்கள் விளையாட்டுக்கு டோர்னமென்ட். நானும் பாசிலும் பேர் கொடுத்திருந்தோம். சுலைகாவின் மூன்று ஆர்டரையும் காலையிலேயே தீர்த்துவிட்டால், என்னைப் போகாதே என்று சொல்ல அவளிடம் ஆர்டர் இருக்காது.

காலையிலேயே வேலையை ஆரம்பித்தேன்.

"குப்பை நிறைஞ்சிருக்கு போல?"

"போட்டுட்டு வாங்க."

ஒன்று!

"கறி ஃப்ரீசர்லயேவா இருக்கு?"

"எடுத்து வெளில வைங்க."

இரண்டு! நேராகப் போய் அடுப்புக்கும் அவளுக்கும் நடுவில் நின்றேன்.

"தள்ளி நில்லுங்க!"

மூன்று! தள்ளி நின்றேன். குளித்தேன். சென்ட் அடித்தேன்.

"சுலைகா, டோர்னமென்ட்டுக்குக் கிளம்பறேன்."

"போயிட்டு வாங்கன்னு சொல்ல ஆசைதான். அது நாலாவது ஆர்டர் ஆயிடுமே!"

வாசலுக்கு வந்தால், என் காருக்குப் பின்னால் மலை மாதிரி அவள் வேன்.

"சுலைகா, வேனை எடு!"

"முடியாதுங்க. உங்க மூணும் முடிஞ்சுபோச்சு."

"நான் எங்கே ஆர்டர் போட்டேன்?"

"எழுந்ததும் 'டீ கொண்டா'. அப்புறம் 'நீலச் சட்டையை அயர்ன் பண்ணு'. அப்புறம் 'ஏசியைக் கூட்டு'."

"அதெல்லாம் ஆர்டரா? சும்மா சொன்னது!"

"சும்மா சொன்னதையெல்லாம்தாங்க நான் இத்தனை வருஷமா செஞ்சுட்டு இருக்கேன்."

"சாவியைக் குடு, நானே எடுக்கறேன்."

"குடுன்னா என்னங்க, கவிதையா?"

நான் அசரவில்லை. பாசிலுக்கு போன் போட்டேன்.

"டேய், என் கார் மாட்டிக்கிச்சு. வீட்டுக்கு வந்து என்னை பிக்கப் பண்ணிக்க."

"உங்க வீட்டுக்குத்தான் வந்துட்டு இருக்கேன் பாய்!"

நண்பன் என்றால் இவன் நண்பன். கொஞ்ச நேரத்தில் அவன் கார் வந்து நின்றது. முதலில் அவன் மனைவி மஹா பாயசப் பாத்திரத்தோடு இறங்கினாள். பின்னாலேயே பாசில், தோளில் வெங்காய மூட்டையோடு.

"இது எதுக்குடா டோர்னமென்ட்டுக்கு?"

"டோர்னமென்ட்டா? நம்ம பேரை வாபஸ் வாங்கிட்டு, வெங்காயத்தோட வந்துடுன்னு அண்ணி போன வாரமே சொல்லிட்டாங்களே! உங்களுக்குத் தெரியாதா பாய்?"

"நேத்துதான் நம்ம மூணு ஆர்டர் ரூலை வீட்ல கொண்டுவந்தேன். அவளுக்கு இன்னிக்கு மூணும் முடிஞ்சுபோச்சுடா!"

"இது ரூல் வர்றதுக்கு முன்னாடி கிளம்பின ஆர்டர், பாய். நம்ம கேம்லயே அது செல்லுமே?"

செல்லும். போன மாதம் அதை வைத்துத்தான் இவனை ஜெயித்தேன்.

சுலைகா வாயே திறக்கவில்லை. சமையல் மேடையில் இரண்டு கத்தியை மட்டும் வைத்துவிட்டு மஹாவோடு ஹாலுக்குப் போய்விட்டாள்.

பாதி மூட்டையை உரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உரிக்கச் சொல்லி யாரும் ஆர்டரே போடவில்லை.