எதிர்த் தொட்டில்

அன்றைக்கு மாமல்லபுரம் போனவர்கள் ஒன்பது பேர். ஏசுபாதம், அவர் மனைவி செல்லம்மா, மகள் ரெபேக்காள், ஆக மூன்று. செல்லம்மாவின் தம்பி ஞானதாஸ், அவன் மனைவி, அவர்களுடைய இரண்டு சின்னப் பெண்கள், ஆக ஏழு. அடுத்த வீட்டுக் கருப்பனும் அவன் பெண்சாதி செங்கம்மாளும் சேர்ந்து ஒன்பது. கேளம்பாக்கத்தில் பஸ் ஏறும்போது ஏசுபாதம் ஒருமுறை எண்ணினார். திருப்போரூரில் பஸ் நின்றபோது, நம்மவர்கள் யாரும் இறங்காத போதிலும், இன்னொரு முறை எண்ணினார்.

"யாரும் ஜன்னல் வழியா பறந்து போவல. ஒக்காருய்யா" என்றாள் செல்லம்மா.

எண்ணுவதுதான் அவர் பிழைப்பு. உப்பளத்தில் படகேறும் மூட்டைகளை எண்ணுகிறவர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மூட்டை கூடியதில்லை, ஒரு மூட்டை குறைந்ததில்லை. படித்தது மூன்றாம் வகுப்பு. இருந்தாலும் அவர் ஒரு தொகை சொன்னால் முதலாளியே மறுபேச்சுப் பேசமாட்டார். மறுபேச்சுப் பேச உலகத்தில் ஒரே ஒருத்திதான் உண்டு. அவளைத்தான் அவர் கட்டியிருந்தார்.

அது ஐம்பத்தாறாம் வருஷம், மாசி மகம். ரெபேக்காளுக்கு வயது இருபது. நர்ஸ் படிப்பை முடித்திருந்தாள். அஸ்ஸாமில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. ரயிலில் போய்ச் சேரவே ஐந்து நாள். மூன்று வருஷம் முடியாமல் ஊர் திரும்ப முடியாது. அவளுக்கு இருபத்தொன்று நிறையவில்லை என்பதால் தகப்பன் கையெழுத்துக்கு ஒரு தாளும் கூட வந்தது. அந்தத் தாள் பதினோரு நாளாக ஏசுபாதத்தின் டிரங்குப் பெட்டியில், கல்யாண வேட்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தது. திங்கட்கிழமைத் தபாலில் சேராவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்கு.

'போகாதே' என்று சொல்ல அவருக்கு வாய் எழவில்லை. மகள் கேட்டு எதையும் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். பெற்றது நாலு. மூன்று பேர் கோவளத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். நின்றது இவள் ஒருத்தி. அதையும் அவர் வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னதில்லை. கூச்ச சுபாவம். ஆகவே வாயால் சொல்லாமல் காரியத்தை முடிக்கப் பத்து நாள் யோசித்தார். பதினோராம் நாள் உப்புக் குவியலுக்குப் பின்னால் கருப்பனை நிறுத்திவைத்துச் சொன்னார்.

"மகத்துக்கு மாமல்லபுரத்துல மெட்ராஸ்லேர்ந்து மிஷின் ராட்டினம் வந்துகீதாம். எட்டுத் தொட்டில். பனமர ஒசரம்."

"அதுக்கின்னா அண்ணாத்த?"

"நம்ம பொண்ண அதுல ஏத்தப்போறேன்."

"ஏத்து."

"கேளுடா. ஆறு வயசுல மாதா கோயில் திருநாள்ல கட்ட ராட்டினத்துல ஏத்தினேன். கத்தினா பாரு! என் கழுத்தக் கட்டிகினு, எறக்கு நைனா, எறக்கு நைனான்னு. அந்தப் பயம் எங்க போவும்? மேல போனதும் கத்துவா. அப்ப மெதுவா கேப்பேன், இந்தப் பனமர ஒசரமே தாங்கலியே கண்ணு, அஸ்ஸாம் மலைய எப்பிடித் தாங்குவேன்னு. அவளே 'போவல நைனா'ன்னுடுவா. நான் ஒண்ணும் சொல்லவேணாம்."

கருப்பன் பீடியை இரண்டு இழுப்பு இழுத்தான். "அண்ணாத்த, நீ மூட்ட எண்றதோட நின்னுக்க" என்றான்.

இருந்தாலும் வீட்டுக்குப் போய்ச் செங்கம்மாளிடம் சொன்னான். செங்கம்மாளிடமிருந்து அது செல்லம்மா காதுக்கு வந்து சேர, கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் இறைக்கும் நேரம் ஆயிற்று.

செல்லம்மா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. சோறு போடும்போது மட்டும் கேட்டாள்.

"தபசு கால நோம்பாச்சே. கறி வோணாம், முட்ட வோணாம்ன. ராட்டினம் மட்டும் பரவால்லியா?"

"புள்ள ஊருக்குப் போறா. ஆசையா இருக்கும்ல."

"ஊருக்குப் போறாளா? அப்ப கையெழுத்துப் போட்டுட்டியா?"

ஏசுபாதம் வேட்டியில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"நாளைக்குக் காலீல கெளம்பணும்மே. எத்தினி பேருன்னு சொல்லு."

"எண்றவரு நீதான? நீயே சொல்லு."

மாமல்லபுரத்தில் கடலாடிவிட்டு வந்த கூட்டம் ஈரத் துணியோடு மணலெங்கும் நின்றது. வளையல் கடை, பொரி கடை தாண்டி, சவுக்குத் தோப்போரம் ராட்டினம் புகை கக்கிக்கொண்டு சுற்றியது. அதை ஓட்டியவன் அப்பாசாமி என்ற முரட்டு ஆள். ஏசுபாதம் பஸ்ஸிலேயே வரிசை போட்டு வைத்திருந்தார். ஒரு தொட்டிலுக்கு இரண்டு பேர். முதல் தொட்டிலில் அவரும் ரெபேக்காளும். அடுத்த மூன்றில் மற்ற ஆறு பேர். ஒன்பதாவதாக, தனியாக, கடைசியில் செல்லம்மா. மகள் கத்துகிற நேரத்தில் செல்லம்மா தரையில் நிற்கவேண்டும். அந்தரத்தில் பக்கத்துத் தொட்டிலில் இருந்தால், அங்கிருந்தே தைரியம் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவாள்.

அவர் ஆட்களை இரண்டு தடவை வரிசையில் நிறுத்தி எண்ணினார். அந்த நேரத்தில் செல்லம்மா ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று ஆட்டம், முதலிலிருந்து கடைசி வரை, கண் எடுக்காமல் பார்த்தாள். பிறகு மகளின் கைப்பையை வாங்கி, தன் மடியிலிருந்து எதையோ எடுத்து அதற்குள் வைத்து மூடிக் கொடுத்தாள்.

"வாந்தி வந்தா எலுமிச்சம்பழம்" என்றாள்.

ஏசுபாதமும் ரெபேக்காளும் முதல் தொட்டிலில் உட்கார்ந்தார்கள். அப்பாசாமி குறுக்குக் கம்பியைப் பூட்டினான். அடுத்த தொட்டில் நிறையும்போது தாம் ஓர் ஆள் உயரம் ஏறுவோம், பிறகு இரண்டாள் உயரம் என்று ஏசுபாதம் கணக்குப் போட்டிருந்தார். ராட்டினம் ஒரே மூச்சில் அரைவட்டம் சுற்றி நின்றது. அவர் வயிறு கீழேயே நின்றுவிட்டது. மற்றதெல்லாம் பனைமர உயரத்துக்குப் போயிற்று.

"இன்னாப்பா இது!" என்று கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்.

"ஒரே பக்கம் பாரம் ஏத்தினா மிஷினு சாஞ்சிடும்" என்று அப்பாசாமி கீழேயிருந்து குரல் கொடுத்தான். "எதிர்த் தொட்டில்ல ஆளு ஏறணும். அதுதான் மொற. அடுத்தது யாரும்மா?"

அடுத்தது ஞானதாஸ் மனைவி. அவளை ஒரு கையால் விலக்கிவிட்டுச் செல்லம்மா முன்னால் வந்தாள்.

"நான் ஏறுறேன். நான்தான் கனம்."

வலது காலைத் தொட்டிலுக்குள் வைத்தாள். இடது கால் ஏறு பலகையிலேயே இருந்தது. அப்படியே நின்றாள்.

"ஏறும்மா."

"இந்த ஆணி துருப்புடிச்சிகீதே?"

"அது நல்ல ஆணி. ஏறு."

"நல்ல ஆணின்னா ஏன் ஆடுது?"

"அது ஆடல. நீதான் ஆட்டுற."

"அப்ப எறங்கட்டுமா?"

"எறங்கு!"

"காசு குடுத்துட்டு எறங்குவாங்களா?"

குறுக்குக் கம்பி பூட்டாமல் ராட்டினம் நகராது. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. மேலேயிருந்து ஏசுபாதத்தின் குரல் மெலிந்து வந்தது.

"ஏறுமே! ஏறித் தொல!"

"இன்னா? காத்துல காது கேக்கலய்யா!"

மேலே காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஏசுபாதம் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண்ணைத் திறக்கவில்லை. வந்த காரியம் ஞாபகம் வந்தது.

"பயமா கீதா கண்ணு?"

"இல்ல நைனா. உனக்கு?"

"எனக்கின்னா பயம்?"

ரெபேக்காள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வாய்க்குள் எண்ணினாள். "நிமிஷத்துக்கு நூத்தி இருவத்தாறு அடிக்குது" என்றாள்.

"நீ எண்ணாத. ஆறு வயசுல கட்ட ராட்டினத்துல நீ கத்தினது எனக்கு மறக்கல."

"நான் உன் மொகத்தப் பார்த்துக் கத்தினேன் நைனா. நீ மாதாவே மாதாவேன்னு அழுதுகினு இருந்த. நைனாவே அழுவுறாரே, நாம சாவப்போறோம்னு நெனச்சேன்."

ஏசுபாதம் பதினான்கு வருஷத்துக் கணக்கை மனசில் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி.

கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அவள் மடியில் எலுமிச்சம்பழம் இல்லை. கல்யாண வேட்டிக்கு அடியில் இருந்த தாள் இருந்தது. அதன் மேல் ஒரு பேனா.

"அம்மா ஏறமாட்டா" என்றாள் ரெபேக்காள் மெதுவாக. "நீ போடற வரைக்கும் ஏறமாட்டா. உனக்கு அவளத் தெரியும்."

அவருக்குத் தெரியும். கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடுதான் அதைச் சொல்ல முடிந்தது.

"நாலு பெத்தோம். மூணப் பொதச்சேன். என் கையால மண்ணு போட்டேன். உன்ன எப்பிடி அனுப்புவேன்?"

அவள் தாளைக் காற்றில் பறக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு பேருக்கும் காய்ச்சல்தான நைனா? தலமாட்டுல ஒக்காந்து மருந்து குடுக்கத் தெரிஞ்ச ஒரு ஆளு இல்ல. அங்க தோட்டத்துலயும் இல்லியாம். எழுதிகீறாங்க. சின்னக் கொழந்தைங்களா செத்துப் போவுதாம்."

கீழே செல்லம்மா, தொட்டில் பலகையில் யார் வெற்றிலை துப்பியது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

ஏசுபாதம் கண்ணைத் திறந்தார். கடலைப் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். "திரும்பு" என்றார்.

அவள் திரும்பிக் குனிந்தாள். முதுகில் தாளை வைத்து எழுதினார். ஏ. சு. மூன்றாவது எழுத்தில் தொட்டில் ஆடியது. கை எடுத்துக் காத்திருந்தார். கையெழுத்து கோணினால் ஆபீசில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று எப்போதோ கேட்டிருந்தார். ஆட்டம் நின்றது. பா. த. ம். புள்ளியை வைத்தபோது அவள் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாளா என்று பார்த்தார். சிரிப்பு இல்லை. தாளை மடிக்காமல் கொஞ்ச நேரம் அவள் முதுகிலேயே கையை வைத்திருந்தார். பனைமர உயரத்தில் அது யாருக்கும் தெரியாது.

பிறகு கீழே கத்தினார்.

"போட்டாச்சுமே! ஏறு!"

"போட்டாச்சா? அஞ்செழுத்துமா?"

"அஞ்சும்!"

செல்லம்மா வலது காலை எடுத்துப் பலகையில் வைத்தாள். "எனக்குத் தல சுத்தும்ப்பா" என்று அப்பாசாமியிடம் சொன்னாள். "இவங்கள ஏத்து." கருப்பனும் செங்கம்மாளும் எதிர்த் தொட்டிலில் ஏறினார்கள். எட்டுப் பேர் சுற்றினார்கள். அவள் கீழே எட்டு ஜோடிச் செருப்பைக் காத்துக்கொண்டு, மேலே பார்க்காமல், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நின்றாள்.

ஈஸ்டர் கழிந்த ஒன்பதாம் நாள் மெட்ராஸ் ஸ்டேஷனுக்குப் போனவர்கள் மூன்று பேர். திரும்பியவர்கள் இரண்டு.

மறுநாள் காலை ஏசுபாதம் பரண்மேலிருந்து ஒரு பானையை இறக்கினார். புளியங்கொட்டைகளை எண்ணி அதில் போட்டார். மூன்று வருஷத்துக்கு ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள். ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து கொட்டை. தினமும் உப்பளத்துக்குக் கிளம்பும் முன், செல்லம்மா தண்ணீருக்குப் போன சமயம் பார்த்து, ஒன்றை எடுத்து வேலிக்கு அப்பால் எறிவார். கொட்டை எண்ணுகிற கிழவன் என்று அவள் பரிகாசம் பண்ணுவாள் என்ற கூச்சம்.

நாற்பதாம் நாள் எடுத்தபோது பானை சந்தேகமாக இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. தரையில் கொட்டிப் பத்துப் பத்தாக அடுக்கினார். நூற்றியொரு வரிசை, மேலே ஐந்து. மறுபடி அடுக்கினார். நூற்றியொன்று, ஐந்து. ஆயிரத்து ஐம்பத்தைந்து இருக்கவேண்டிய இடத்தில் நாற்பது குறைந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கணக்கு உதைத்தது.

செல்லம்மா குடத்தோடு உள்ளே வந்தாள். தரையைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

"எலி தின்னுட்டுதுமே" என்றார், மாட்டிக்கொண்ட முகத்தோடு. "நாப்பது கொறையுது."

"எலி இல்ல. நான்."

"நீயா?"

"நீ கொல்லப் பக்கம் போனதும் நான் ஒண்ணு எடுப்பேன், இன்னிக்கும் எடுத்தேன். மொத நாள்லேர்ந்து."

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான்மே கணக்கு!"

"உனக்கு ஒரு நாளு. எனக்கு ஒரு நாளு." குடத்தை இறக்கி வைத்தாள். "ரெண்டு பேரும் தனித்தனியாத்தான காத்துகினு கீறோம்?"

வீட்டில் புளியங்கொட்டைக்குப் பஞ்சம் இல்லை. நாற்பதைத் திரும்பப் போட்டால் கணக்கு நேராகிவிடும். ஏசுபாதம் குனிந்து, தரையில் இருந்ததை மட்டும் இரண்டு கையாலும் அள்ளிப் பானையில் போட்டார்.

"எத்தினிய்யா மிச்சம்?" என்று கேட்டாள் செல்லம்மா.

"ஆயிரத்துப் பதினஞ்சு" என்றார் ஏசுபாதம்.