பொன்னியம்மன் வாளும் பூசாரி மகளும்

பொன்னியம்மன் கையில் வாளைக் காணோம்.

ஆடி ஊர்வலத்தன்று விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்ற தர்மகர்த்தா சுப்பிரமணிதான் அதை முதலில் பார்த்தார். வாள் இல்லாமல் அம்மன் படி இறங்கியதாக அந்த ஊரில் சரித்திரமே இல்லை.

“நாலு மணிக்குள்ள வாள் வரலன்னா, கோயில் சாவிய குடுத்துட்டு வூட்ல குந்திக்கோ” என்று பூசாரி வேதகிரியிடம் சொல்லிவிட்டார்.

வேதகிரிக்கு முன்னால் அவர் மகள் கீர்த்தி வாயைத் திறந்தாள். ஏழாவது படிக்கிறாள். உத்திரமேரூர் நூலகத்தில் துப்பறியும் கதை ஒன்றைக்கூட விட்டுவைக்காதவள்.

“நைனா, இந்தக் கேஸ என்கிட்ட வுடு.”

“வேணாம்மா. அது தானா வந்துரும்.”

“தானா வர்றதுக்கு வாளுக்கு இன்னா காலா கீது?”

முதல் வேலையாகச் சன்னதியில் கோலமாவைத் தூவி, கதவைப் பூட்டி, சாவியைப் பாவாடையில் முடிந்துகொண்டாள். திருடன் திரும்பி வந்தால் கால்தடம் விழுமாம்.

வேதகிரி மூன்று முறை வந்து கெஞ்சினார். “பூ வெக்கணும்மா, ஒரு நிமிசம் தொற.”

“தடயம் கலஞ்சிடும் நைனா. போ அந்தாண்ட!”

அடுத்து ரேடியோ செட்டு சேட்டுவின் மைக்கைப் பிடுங்கி அறிவித்தாள். “தெருவுல எத தூக்கிக்கினு போனாலும் பிரிச்சுக் காட்டிட்டுத்தான் போவணும்!” புல்லுக்கட்டைப் பிரிக்கச் சொன்னதில் பெண்கள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். சொந்த மைக்கைத் தூக்கிப்போனதற்கே சோதனை என்றதும் சேட்டு கோபித்துக்கொண்டு ஒயரைச் சுருட்டினார். ஊர்வலத்துக்குப் பாட்டும் போச்சு. வேதகிரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணிக்குக் கீர்த்தி கடைசி அஸ்திரத்தை எடுத்தாள்.

“எல்லாரும் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க!”

ஊருக்கு வெலவெலத்துப் போனது. அரை மணி நேரத்தில் கோயில் வாசலில் ஒரு வெண்கல மணி வந்தது. இரண்டு குத்துவிளக்கு வந்தது. பொங்கல் அண்டா ஒன்று தானே நடந்து வந்ததுபோல மூலையில் நின்றது. போன வருஷம் காணாமல்போன மின்விசிறியைத் தர்மகர்த்தாவே கொண்டுவந்து, “ரிப்பேருக்கு வாங்கினு போனேன்” என்றார். வாள் மட்டும் வரவில்லை.

ஆத்திரத்தில் தர்மகர்த்தா, “பூசாரி மொதல்ல அணைக்கட்டும்!” என்று கத்தினார்.

வெற்றிலைமேல் சூடம் எரிந்தது. வேதகிரி கையைத் தூக்கினார். தூக்கிய கை சூடத்துக்கு மேல்வரை போனது. பிறகு மெல்ல இறங்கிவிட்டது.

“அப்படிப் போடு!” என்றது கூட்டம்.

கீர்த்தி படித்த எந்தக் கதையிலும் துப்பறிகிறவளின் அப்பா திருடனாக இருந்ததில்லை. “நைனா... நீயா?” என்று அழுதேவிட்டாள்.

 தர்மகர்த்தா சாவிக்குக் கை நீட்டினார்.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு கீர்த்தியின் அம்மா செங்கேணி வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து வாளை எடுத்து அம்மன் வாசலில் வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

“தெனமும் தூக்கத்துல ‘திருடன் திருடன்’னு அலறுறியேன்னு, சாமி இரும்பு பக்கத்துல இருந்தா பயம் தெளியும்னு, நேத்து உன் தலகாணிக்கு அடியிலதான்டி வெச்சாரு உங்க நைனா!”