என் புல்லைத் தின்ற மாடு யாருடையது?

உருத்திரபுரம்,
28.08.1980

அன்புள்ள மருமகன் முத்துலிங்கத்துக்கு,

இவ்விடம் நானும் உமது மாமியும் உழவு எருதுகள் இரண்டும் முறிகண்டிப் பிள்ளையார் புண்ணியத்தில் மூச்சோடு இருக்கிறோம். பூநகரியில் நீரும் மகள் நேசமலரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சீதனமாகத் தந்த சிவப்பி மாடு சுகமா என்று கேட்கமாட்டேன். அது இப்போது என் முற்றத்தில் படுத்து அசைபோடுகிறது.

ஆறு மாதமாக மழை இல்லை. குளம் வெடித்துக் கிடக்கிறது. ஊர் மாடுகள் காட்டில் சருகு தின்கின்றன. இப்படி வரும் என்று தெரிந்துதான் மார்கழியிலேயே அரசாங்கக் கால்நடைக் கந்தோரில் கினிப்புல் வேர்க்கட்டை வாங்கி நாலு வரிசை நட்டேன். வறட்சியைத் தாங்கும் புல். மாமி பாத்திரம் கழுவுகிற தண்ணீரே அதற்குப் போதும். ஐப்பசியில் வயல் உழ எருதுகள் எழுந்து நிற்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு பாடும். ஊர் சிரித்தது. எழுபத்தேழில் மலைநாட்டிலிருந்து வந்து பக்கத்துக் காணியில் குடியேறிய வீரம்மா, "என்னங்க ஐயா, தோட்டத்துல புல்லைப் புடுங்கத்தான் ஆளு வைப்பாங்க, நீங்க நட்டு வைக்கிறீங்களே!" என்றாள். நீரும் சித்திரை வருசத்துக்கு வந்து வேலிக்கு வெளியே நின்றபடி, "மாமா, அடுத்தமுறை வரேக்க நல்ல களை விதையும் கொண்டுவாறன்" என்றீர். நான் மறக்கவில்லை.

போன வெள்ளி விடியப் பார்த்தால் முள் அலம்பல் வேலி பிரிந்து கிடக்கிறது, இரண்டு வரிசைப் புல்லைக் காணோம். நேரே வீரம்மாவின் வாசல் படலையில் போய் நின்று அவளுடைய ஆடுகளின் பரம்பரையையே திட்டினேன். "என் ஆட்டுக்கு இம்புட்டுப் பெரிய குளம்பு இருந்தா அதைப் பூட்டி உழுதிருப்பேன். தடத்தைப் பாருங்க ஐயா" என்றாள். மாட்டுத் தடந்தான். மறுநாள் ஊர் விதானையார் செல்வராசாவைக் கூட்டிவந்து காவல் இருந்தேன். உச்சி வெயிலில், எங்கள் கண்முன்னால், கலியாண வீட்டுக்கு வருகிறவள்போல ஆடி அசைந்து நுழைந்தாள் சிவப்பி. பதினைந்து மைல் நடந்து வந்திருக்கிறாள்! "இது பூநகரி முத்துலிங்கத்தின்ரை மாடு, வழக்கு எழுதுங்கோ" என்றேன். விதானையார் குனிந்து தொடைக் குறியைப் பார்த்தார். "ஏரம்பு அண்ணை, இதிலை உங்கட பேரெழுத்தெல்லோ கிடக்கு. உங்கட மாடு உங்கட புல்லைத் திண்டதுக்கு நான் ஆரைப் பிடிக்கிறது?" வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தம்பி, மாடு கைமாறினால் புது உடையவன் தன் குறியைச் சுடவேண்டும் என்பது வன்னி முழுக்கத் தெரிந்த வழமை. கலியாணத்தன்றே சொன்னேன். "பாவம் மாமா, நோகும்" என்றீர். விதானையார் முன்னால் எனக்கு நோகவில்லையா? கன்றுத்தாய்ச்சி மாட்டை உப்புத் தரவை வெளியில் அவிழ்த்துவிட்டால் அது புல் நிற்கிற இடத்துக்குத்தானே வரும்? ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை குறிசுடும் கம்பியோடு வந்து, உமது எழுத்தைச் சுட்டு, உமது மாட்டைக் கொண்டுபோகவும். தவறினால் கட்டாக்காலி என்று கிராமசபைப் பட்டியில் அடைப்பேன். இனி ஒரு தாள் புல்லும் அதற்கு இல்லை. இது என் முடிவு.

மகளுக்கு என் ஆசிகள். உமக்கும் உண்டு, கோபம் தணிந்த பிறகு.

இப்படிக்கு,
மாமா வே. ஏரம்பு

பி.கு.: கடிதம் ஒட்டமுன் சிவப்பி கன்று போட்டுவிட்டாள். நாகு, பெட்டைக் கன்று. மிச்சம் நின்ற இரண்டு வரிசையையும் நானே அறுத்துப் போட்டேன். எருதுகளுக்கு வீரம்மா தன் ஆட்டுக் குழையில் பாதி தருகிறாள், மற்றப்படி அவளோடு பேச்சில்லை. மாடு தின்ற வரிசைகள் ஒரு துளி மழையில்லாமல் துளிர்விட்டிருப்பதை நீர் வந்து பார்க்கவேண்டும். ஒரு சாக்கு வேர்க்கட்டை கட்டி வைத்திருக்கிறேன், அதைக் கொண்டுபோய் நடும். உமது வளவில் புல் நிற்கிற நாளில் மாட்டைப் பற்றிக் கதைப்போம். கம்பியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாரும். கன்றுக்கு நோகும்.